தங்கூசியில் தொங்கிய மீன்கள்

சாவியைப் பூட்டில் நுழைக்கும்போதே சோபியாவுக்குத் தெரிந்துவிட்டது. கதவுக்கு அடியிலிருந்து அந்த நாற்றம் வந்து அவள் காலைச் சுற்றிக்கொண்டது.

மீன் வாசம் அவளுக்குப் புதிதில்லை. இந்தத் தீவின் ஜங்லிகாட் படகு ஜெட்டியிலிருந்து மீன் பிடிக்கக் கடலுக்குப் போகிற தாமஸின் மகள். ஷாதிபூரில் அவள் வீட்டுக் கொடியில் காயும் துணிக்கும், சோப்பு போட்டுத் துவைத்த பிறகும், கொஞ்சம் மீன் வாசம் இருக்கும். ஆனால் இது வேறு. கண்ணாடிக்குள் மூச்சு முட்டிச் செத்து, செத்த தண்ணீரிலேயே ராத்திரி முழுக்க ஊறிய மீனின் நாற்றம்.

விளக்கைப் போட்டாள். பத்துத் தொட்டியிலும் தண்ணீர் அரிசி களைந்த மாதிரி வெளுத்திருந்தது. கிளி மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே மிதந்தன. பட்டாம்பூச்சி மீன்கள் அடியில் கூழாங்கல்லுக்கு நடுவே ஒருக்களித்துக் கிடந்தன. ஒரு விலாங்கு, தப்பிக்கப் பார்த்திருக்க வேண்டும், மோட்டார் குழாய்க்குள் தலையை விட்டபடி விறைத்திருந்தது. கண்கள் எல்லாம் வெந்த முட்டை நிறத்தில். நாற்பத்து மூன்று மீன்கள். முந்தாநாள் காலையில் ஒவ்வொன்றையும் டிரம்மிலிருந்து எடுத்து விட்டவள் அவள்தான்.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்பக்கத்து மோட்டார் அறைக்கு ஓடினாள். அங்கே மூலையில் ஒரு நீல டிரம். மூடியைத் தூக்கினாள். உள்ளே அரை டிரம் நிஜக் கடல் தண்ணீரில், மூன்று கிலோ களவா மீன் ஒன்று, தடித்த உதட்டைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தது. செவுள் விரிந்து மூடியது.

"தொரை, நீயாச்சும் இருக்கியே," என்றாள்.

தொரை என்பது அவள் வைத்த பேர். அதுவாக எதையும் தேடிப் போகாது, கையில் கணவாய்த் துண்டை வைத்து நீட்டினால் மட்டும் வாயைத் திறக்கும், அதனால். அதுவும் முந்தாநாளே நடுத்தொட்டிக்குப் போயிருக்க வேண்டியது. அந்தப் பத்தில் சேராத பெரிய நடுத்தொட்டியின் கண்ணாடியில் கசிவு, நேற்றுச் சாயங்காலம்தான் அடைத்தார்கள் என்பதால் டிரம்மிலேயே தங்கிவிட்டது. கசிவுதான் அதைக் காப்பாற்றியது.

டெய்ரி ஃபார்ம் மேட்டின் மேல், எருமைகள் குளித்துக்கொண்டிருந்த மழைத்தண்ணீர்க் குட்டை ஒன்று இருந்தது. அதை இரண்டு வருஷமாகத் தோண்டி, கரை கட்டி, ஏரி என்று பேர் வைத்துவிட்டார்கள். கரையைச் சுற்றி ஐந்து கட்டடங்கள். சங்கு மியூசியம், படகு மியூசியம், தீவு வரலாற்றுக் கூடம், நட்சத்திரம் காட்டும் கூடம், அப்புறம் சோபியா வேலை பார்க்கும் மீன் காட்சியகம். எல்லாம் சேர்ந்து ஒரு அரசுப் பூங்கா, ஒரே டிக்கெட். நடுவில் பொம்மை ரயில். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. இன்றைக்கு வியாழன்.

வேலை கிடைத்த அன்று சோபியா தரையில் நிற்கவில்லை. வெறும் டி.ஆர்.எம். வேலைதான், தினக்கூலி. இருந்தும் நிரந்தரம் ஆக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். இருபத்து மூன்று வயதில் இதைவிட என்ன வேண்டும். ஒவ்வொரு மீனுக்கும் தமிழ், இந்தி, வங்காளம், தெலுங்கு என நாலு பாஷையில் பேர் விசாரித்து, வண்ண அட்டையில் அவளே எழுதி ஒட்டினாள். கட்டடம் கட்டி முடிவதற்குள்ளேயே நூறு போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினாள். தெரிந்த படகுக்காரர்களிடம் எல்லாம் கெஞ்சி உயிர் மீன் வாங்கினாள். தொரையைப் பிடித்துக் கொடுத்தது அவள் அப்பா.

அந்த அட்டைகள் இப்போது செத்த மீன்களுக்குக் கீழே அழகாக ஒட்டியிருந்தன.

ஸ்ரீதர் வந்தான். கான்ட்ராக்டரின் ஆள், சென்னைக்காரன், மெயின்லேண்டிலிருந்து வந்து நாலு மாசம் ஆகிறது. கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டே உள்ளே வந்தான்.

"ஐயையோ. எல்லாமேவா?"

"எல்லாமேதான் சார். நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"நீ என்னம்மா சொன்ன?"

"வாய்ல வெச்சுப் பாத்துட்டுச் சொன்னேன். ரசத்துக்கு உப்புக் கூடிப்போன மாதிரி இருக்கு, இது கடல் தண்ணியே இல்லன்னு. சமையல் உப்பக் கொட்டிக் கலக்குனா கடல் ஆயிருமா சார்?"

ஆகும் என்றுதான் ஸ்ரீதர் நினைத்திருந்தான். அவன் கையிலிருந்த டெண்டர் காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. கடலே இல்லாத ஏதோ ஒரு மெயின்லேண்ட் நகரத்தில் ஏரிக்கரைப் பூங்கா ஒன்று கட்டியிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தை அப்படியே வாங்கி ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். 'ஏரி நீரில் செயற்கைக் கடலுப்பு கலந்து தொட்டிகளை நிரப்ப வேண்டும்.' செயற்கைக் கடலுப்பு வர வேண்டிய கப்பல், புயல் எச்சரிக்கையால் சென்னையிலேயே நின்றுவிட்டது. ஸ்ரீதர் கடைத்தெருவில் பதினாலு மூட்டை அயோடின் உப்பு வாங்கி, எருமைக்குட்டைத் தண்ணீரில் கொட்டினான். பூங்கா வாசலில் நின்று ஒரு கல்லை உருட்டிவிட்டால் கடலில் போய் விழும். அவ்வளவு தூரம்தான் கடல்.

"இப்ப அதப் பேசி என்ன," என்றான் ஸ்ரீதர். "நாளைக்குப் பத்து மணிக்கு விஐபி வர்றாரு. தொட்டி காலியா இருக்கக் கூடாது. மார்க்கெட்டுக்குப் போய் நல்லா கலர் கலரா மீன் வாங்கிட்டு வந்துடலாம்."

"மார்க்கெட்ல எல்லாம் செத்த மீனு சார்."

"தெரியும்மா. தங்கூசி இருக்கில்ல, தூண்டில்ல கட்டற கண்ணாடி நரம்பு? அதுல கட்டித் தொங்கவிட்டா யாருக்குத் தெரியப் போகுது? கீழேருந்து காத்துக் குமிழி விட்டோம்னா அதுபாட்டுக்கு ஆடும். நீ மீன்காரப் பொண்ணுதானே, முடிச்சுப் போடத் தெரியும்ல?"

சோபியா அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பகல் பதினோரு மணிக்கு ஜெகநாதன் வந்தார். துறையின் இன்ஜினியர். பூர்வீகம் மதுரைப் பக்கம், தீவுக்கு வந்து இருபத்தைந்து வருஷம், பாதிப் பேச்சு இந்தி. சோபியா அவரிடம் ஓடினாள்.

"சார், ஒரே ஒரு தொட்டி. நடுத்தொட்டிக்கு மட்டும் நெசக் கடல் தண்ணி விடுவோம். அப்பாவும் அவரு கூட்டாளிகளும் டிரம்ல கொண்டாந்து ஊத்திருவாங்க. காசு வேணாம். களவா ஒண்ணு உசுரோட இருக்கு, அதப் போட்டா ஜனங்க பாக்க ஒண்ணாச்சும் நெசமா இருக்கும்."

ஜெகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தேக்கோ, இங்க பாரு சோபியா, கடல் தண்ணி எஸ்டிமேட்ல இல்ல."

"சார், அது சும்மா கெடக்கு சார்!"

"அதான்மா பிரச்சனை. எஸ்டிமேட்ல என்ன இருக்கு? செயற்கைக் கடல் நீர். நாளைக்கு ஒருத்தன் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்து, செயற்கை எங்கய்யான்னு கேட்டா, நான் போய் நெசத்தக் காட்ட முடியுமா? மாட்டிக்குவேன்ல?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒன் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு. நாளைக்கு எல்லாம் டீக்கா, நல்லபடியா முடிஞ்சா, திங்கக்கெழமையே மேல அனுப்பறேன். பர்மனென்ட். ஸ்ரீதர் சொல்றதக் கேளு. அந்தக் களவாவையும் நாளைக்குக் காலையில நடுத்தொட்டில விட்டுரு. எல்லாம் தொங்கிட்டே இருந்தா நல்லா இருக்காது, ஒண்ணாவது நீந்தணும்."

"உப்பு மூட்டைத் தண்ணியிலயா? செத்துரும் சார்."

"எத்தன நேரத்துல?"

"ஒரு நாளு. மிஞ்சிப் போனா ரெண்டு."

"விஐபி இருக்கறது இருபது நிமிஷம்," என்றார் ஜெகநாதன். சொல்லிவிட்டுப் பொம்மை ரயிலைப் பார்க்கப் போய்விட்டார்.

செத்த மீன்களை அள்ளிக் கொட்டி, தொட்டிகளில் புதிதாக உப்புத் தண்ணீரை நிரப்பிய பிறகு, அன்று மத்தியானம் முழுக்க சோபியா முடிச்சுப் போட்டாள். அதை நினைத்து அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் போட்டாள். ஃபைல் என்ற ஒரு சொல் அவள் கையைப் பிடித்து நடத்தியது. ஸ்ரீதர் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த ஐஸ் பெட்டியிலிருந்து கிளி மீனை எடுப்பாள். செவுளுக்குள் விரலை விட்டுத் தங்கூசியைக் கோத்து வாய்வழி இழுப்பாள். கொழகொழவென்று ஏதோ விரலில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். அப்பா தூண்டில் முள்ளுக்குப் போடும் அதே முடிச்சு. வாலுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று. மேலே குறுக்குக் கம்பியில் கட்டிவிட்டால், மீன் தண்ணீருக்கு நடுவில் நிற்கும்.

செத்த கிளி மீனுக்கு நிறம் நிற்காது. பச்சையும் நீலமும் வெளிறி அழுக்குச் சாம்பலாகிவிடும். ஸ்ரீதர் பார்த்தான். வெளியே போய், பொம்மை ரயிலுக்கு அடித்த பெயிண்டில் மிச்சம் இருந்ததையும் ஒரு பிரஷ்ஷையும் கொண்டுவந்தான். ஒவ்வொரு மீனாகத் துணியால் துடைத்து, செதில் மேல் நீலம் அடித்து, ஃபேனுக்குக் கீழே காயவைத்தான்.

"ஒரிஜினலைவிட நல்லா இல்ல?" என்று கேட்டான். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தான்.

தொட்டிக்கு ஒரு ஐஸ் கட்டி போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அம்மா சாளை மீன் குழம்பு வைத்திருந்தாள். சோபியா ஒரு வாய் எடுத்தாள். விரல் நுனியில் பெயிண்டும் ஐஸ்மீன் சளியும் சேர்ந்து நாற்றமடித்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"என்னட்டி, கவர்மெண்டு மீனத் தின்னு பழகிட்டியோ? வீட்டு மீனு எறங்கலியோ?" என்றார் தாமஸ். தொரைக்குத் தினமும் காலையில் இரண்டு கேன் கடல் தண்ணீர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் மாற்றுகிறவர் அவர்தான். "களவா எப்படிருக்கு?"

"இருக்குப்பா."

"நாளைக்கு தொட்டில விடுறாவளா?"

அவள் பைப்படிக்குப் போய்த் திரும்பக் கை கழுவினாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனபோது ஐஸ் எல்லாம் கரைந்திருந்தது. ராத்திரி மின்சாரம் போயிருக்கிறது, மோட்டார் நின்றிருக்கிறது. தொங்கிய மீன்களுக்கெல்லாம் வயிறு ஊதியிருந்தது. ஊதிய வயிறு மேலே தூக்க, தலைகீழாகப் புரண்டு, தங்கூசி தளர்ந்து, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒரு கிளி மீனின் நீலம் தோலோடு உரிந்து தண்ணீரில் சுருள் சுருளாக மிதந்தது. கட்டடம் முழுக்க மல்லிகை வாசம் வரும் ஸ்பிரேயை ஸ்ரீதர் அடித்து வைத்திருந்தான். அழுகலும் மல்லிகையும் கலந்த அந்த நாற்றத்துக்குத் தனியாக ஒரு பேர் வைக்க வேண்டும். வாசற்படியிலேயே உட்கார்ந்து சோபியா வாந்தி எடுத்தாள். வெறும் பித்தம்தான் வந்தது.

"எழுந்திரு எழுந்திரு, அழறதுக்கு நேரமில்ல," என்றான் ஸ்ரீதர். அவன் கையில் கோணி ஊசி. "இதால வயித்துல குத்து. காத்து வந்துச்சுன்னா நேரா நிக்கும். நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன். அப்புறம் சீக்கிரமா அந்தக் களவாவைக் கொண்டுவந்து நடுத்தொட்டில விடு. ஒன்பதரைக்குள்ள முடியணும்."

ஒரே ஒரு மீனைக் குத்தினாள். புஸ் என்று காற்று வந்தது. கூடவே ஒரு கரும்பழுப்புக் கயிறு போல ஏதோ வெளியே வந்து தண்ணீரில் அசைந்தது. ஊசியைக் கீழே போட்டாள்.

மோட்டார் அறைக்குப் போய் டிரம் மூடியைத் திறந்தாள். தொரை மேலே வந்தது. அவள் கையில் கணவாய் எதுவும் இல்லை. வெறும் விரல்தான், அதுவும் செத்த மீன் நாறும் விரல். அதைத் தண்ணீருக்குள் விட்டபோது தொரை அவளை நம்பி வாயைத் திறந்தது. அந்த வாயை அவளால் பார்க்க முடியவில்லை.

போனை எடுத்தாள்.

"அப்பா, சுரேந்திரண்ணன் லோடு ஆட்டோவக் கூட்டிட்டு மோட்டார் ரூம் பின்வாசலுக்கு வாங்க. இப்பவே. ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க."

அரை மணி நேரத்தில் ஆட்டோ வந்தது. தாமஸ் இறங்கி, மகளைப் பார்த்தார், கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். நீலம் அடித்த மீனைப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"ஏட்டி... அதுக்கு என்ன பூசிருக்கானுவ?"

"ரயில் பெயிண்டு."

"யாரு முடிச்சு அது? நம்ம முடிச்சுல்லா?"

"நான்தாம்ப்பா கட்டுனேன்."

அவர் தரையில் காறித் துப்பினார். டிரம்மின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். ஆட்டோ ஓட்டிவந்த சுரேந்திரனோடு மூன்று பேருமாகத் தூக்கி ஏற்றினார்கள்.

பின்கேட்டில் காவலுக்கு நீலாவதி நின்றாள். பூங்காவிலிருந்து எந்தச் சாமான் வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். தொரைக்கும் ரிஜிஸ்டரில் நம்பர் உண்டு, காட்சிப் பொருள் பதினொன்று.

"என்னா அது டிரம்மு? பாஸ் கஹாங் ஹை, எங்க பாஸு?"

"செத்த மீன்க்கா. நாறுது. விஐபி வர்றதுக்குள்ள வெளிய கொட்டணும்."

காலையிலிருந்து அந்த நாற்றத்தைச் சுவாசித்துக்கொண்டே நின்றவள் நீலாவதி. உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டு கையை வீசினாள்.

"ச்சீ ச்சீ! ஜல்தி லே ஜாவோ, சீக்கிரம் கொண்டு போ. எனக்கு டீ கூட எறங்கல."

அவள் கேட்டின் தடுப்புக் கம்பத்தைத் தூக்கும்போது டிரம்முக்குள் 'தடார்' என்று ஒரு அடி. மூடி துள்ளியது, தண்ணீர் தெறித்து நீலாவதியின் காக்கிச் சட்டையை நனைத்தது. அவள் டிரம்மைப் பார்த்தாள். சோபியாவைப் பார்த்தாள். மீன் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"செத்தது ரொம்ப ஜோராத்தான் செத்திருக்கு," என்றாள். கம்பத்தை இன்னும் கொஞ்சம் தூக்கினாள். "போ, போ. நான் ஒண்ணும் பாக்கல."

ஜங்லிகாட் ஜெட்டியில் காலை ஏலம் முடிந்திருந்தது. படிக்கட்டு வரை டிரம்மை இறக்கி, மெல்லச் சாய்த்தார்கள். தொரை தண்ணீரோடு வழுக்கி விழுந்தது. விழுந்து, ஒருக்களித்து, அப்படியே நின்றுவிட்டது.

சோபியா கடைசிப் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முழங்கால் வரை நனைந்தது. களவா அசையவில்லை. செவுள் மட்டும் மெதுவாக.

"டிரம்முக்குள்ள அஞ்சு நாளு கெடந்துச்சுல்லா. வெறச்சுப் போயிருக்கும்," என்றார் தாமஸ். "வாலப் புடிச்சு முன்னயும் பின்னயும் ஆட்டு. தண்ணி செவுளுக்குள்ள போட்டும்."

அவள் ஆட்டினாள். முன்னே, பின்னே. முன்னே, பின்னே. நேற்று முழுக்கச் செத்த மீனை அசைய வைக்கப் பாடுபட்ட அதே கை. மேட்டின் மேலிருந்து மைக் சத்தம் கேட்டது. வரவேற்புப் பாட்டு, கைதட்டல், யாரோ இந்தியில் பேசுகிறார்கள். அவள் காதில் விழவில்லை, அவள் செவுளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரமோ. கைக்குள் வால் இறுகியது. ஒரே உதறல். உப்புத் தண்ணீர் அவள் முகத்தில் அடித்தது. ஜெட்டித் தூணுக்குக் கீழே இருந்த இருட்டுக்குள் தொரை போனது. திரும்பிப் பார்க்கவில்லை. தொரையாயிற்றே.

போன் அடித்தது. ஸ்ரீதர். குரல் துள்ளியது.

"சோபியா! டிரம்மோட எங்கம்மா போன? சூப்பராப் போச்சு! விஐபி மீன் தொட்டி முன்னாடி அஞ்சு நிமிஷம் நின்னாரு. என்ன சொன்னாரு தெரியுமா? இவ்வளவு அமைதியான மீன நான் எங்கயுமே பாத்ததில்லன்னாரு! போட்டோ எடுத்துக்கிட்டாரு!"

சோபியா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

"ஜெகநாதன் சார் செம ஹேப்பி. இதையே கண்டினியூ பண்ணச் சொல்லிட்டாரு. தீனி செலவு இல்ல, சாகற பயமும் இல்ல. வாரா வாரம் திங்கக்கிழமை புது மீன் மாத்திடணும். ஒன் ஃபைல இன்னைக்கே அனுப்பறாராம். கட்டறதுக்கு ஒன்ன விட்டா வேற ஆள் யாரு? நடுத்தொட்டி மட்டும்தான் காலியா இருந்துச்சு, ரிப்பேர்னு சொல்லிச் சமாளிச்சேன். சாயங்காலம் அந்தக் களவாவைக் கொண்டுவந்துடு, என்ன?"

"அத விட்டுட்டேன் சார்."

"விட்டுட்டியா? எந்தத் தொட்டில?"

"கடல்ல. ஒங்க எஸ்டிமேட்ல இல்லாத எடத்துல."

பாட்டுச் சத்தத்துக்கு மேல் ஸ்ரீதர் கத்தினான்.

"ஒனக்கு என்ன பைத்தியமா? அது ரிஜிஸ்டர்ல இருக்கற மீனு! ஃபைலக் கிழிச்சுப் போட்டுடுவாங்கம்மா! யோசிச்சுப் பேசு, இப்பக்கூட ஒண்ணும் ஆகல, வேற ஒரு களவா புடிச்சுட்டு வந்து..."

"திங்கக்கெழம நான் வரல சார். அப்புறமும் வரல. அந்த அட்டையெல்லாம் நான் எழுதுனது. தயவுசெஞ்சு அதக் கிழிச்சுருங்க. அந்த நாத்தத்துக்குக் கீழ என் கையெழுத்து இருக்க வேணாம்."

போனை அணைத்து மடியில் வைத்தாள். தாமஸ் காலி டிரம்மைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"கவர்மெண்டு வேலையும் போச்சு. மூணு கிலோ களவாயும் போச்சு," என்றார். "ரெண்டுல எதுக்கு அழுவட்டும்?"

"ஒண்ணுக்கும் அழுவாதீங்க."

"ஒங்கம்மாட்ட நீயே சொல்லிக்க. என்னைய இழுக்காத."

சோபியா கையை மோந்து பார்த்தாள். பெயிண்ட், சளி, மல்லிகை ஸ்பிரே. நேற்றிலிருந்து எத்தனை தடவை கழுவியும் போகவில்லை. கீழ்ப்படியில் கிடந்த மணலை அள்ளி, இரண்டு உள்ளங்கையிலும் வைத்து, தோல் எரியும் வரை தேய்த்தாள். கடலில் முக்கினாள். மறுபடியும் மோந்தாள். இன்னும் இருந்தது.

மேட்டில் பொம்மை ரயில் கூவியது. டிக்கெட் வாங்க ஜனங்கள் வரிசையில் நிற்பது ஜெட்டியிலிருந்தே தெரிந்தது.

இன்னொரு பிடி மணலை அள்ளினாள்.